பூவாத்தாள்

அவிநாசியிலிருந்து புளியம்பட்டிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள பழம்பதி சேவூர். வாலீசுவரர் திருக்கோயிலாலும் நிலக்கடலை வாணிகத்தாலும் பெயர் பெற்றது அவ்வூர். ‘சே’ என்பது காளையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஆதலின், காளையின் ஊர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். ஊரின் பெயருக்குப் பொருள் இருத்தல் போலவே, ஊரார் தம் மக்களுக்கு இட்டு வழங்கும் பெயருக்கும் பொருள் உண்டு. கொங்கு நாட்டு மகளிர்க்கு வழங்கும் பூவாத்தாள் என்னும் பெயர் அத்தகையது.

முதிய மகளிரிடையே கேட்கப்படும் இப்பெயர், இந்நாளில் தொட்டிற் குழந்தைகளுக்கு இடப்படுதல் அருகிவிட்டது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகியபின், சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள் பலர் நாள்தோறும் பனியன் தொழிற்சாலைகளுக்குச் சென்று வருகின்றனர். பல நாட்டாரோடும் பழகுகின்றனர். வாழ்க்கை மாறப் பெயரும் மாறுதல் இயல்பே. ஆனால், “உன் பாட்டியின் பெயர் என்ன?” என்று வினவினால், விடை கூற நாணித் தலைகுனியும் சிறுமியரும் உளர். பூவாத்தாள் என்பது நாணத்தக்க பெயரா? ஆராய்ந்து காண்போம்.

பூ, ஆத்தாள் என்னும் இரு சொற்கள் சேர்ந்து இப்பெயர் ஆயிற்று. பூ என்பது ஓரெழுத்து ஒருமொழி. பச்சிளங் குழந்தையும் எளிதிற் சொல்லத்தக்கது. ஆத்தாள் என்பதற்குத் தாய் என்பது பொருள். ஈன்ற அன்னையை ஆத்தாள் என்னும் மக்கள், ஊர் காக்கும் தெய்வத்தையும் மாரியாத்தாள் என்றே போற்றுகின்றனர். நாச்சாத்தாள், பாவாத்தாள், கருப்பாத்தாள் முதலிய பெயர்களும் இவ்வாறு அமைந்தவையே. பூவாயி, பூவம்மாள் என்று தமிழகத்தின் பிற பகுதிகளில் வழங்கும் பெயர்களிலும் பூவையடுத்துத் தாயே நிற்கின்றாள்.

கொங்கு நாட்டார் வாழ்வில் பூவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. பொங்கலையொட்டி வரும் பூப்பறிக்கும் நோன்பில், சிறுமியரும் மகளிரும் கூடிச் சென்று ஆவாரம்பூ முதலியவற்றைக் கொய்து, கும்மியடித்துப் பாடி மகிழ்வர். திருமணம் போன்ற நற்செயலைத் தொடங்குமுன், தெய்வத்தின் திருமுன் பூ வைத்து வாக்குக் கேட்கும் வழக்கமும் இங்கு உண்டு. இவ்வாறு மகிழ்ச்சிக்கும் வழிபாட்டுக்கும் உரிய பொருளையே அவர்கள் மகளுக்கும் பெயராக்கினர்.

பூவைக் கொண்டு பெயரிடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. ஆண்டாளின் இயற்பெயராகிய கோதை என்பது பூமாலையைக் குறிக்கும். சீவகசிந்தாமணியில் வரும் சுரமஞ்சரி என்னும் பெயரின் பிற்பகுதியாகிய மஞ்சரி என்பது பூங்கொத்து. விசயமங்கலத்தைச் சார்ந்த கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் பதுமாபதி என்னும் அரசகுமாரி வருகின்றாள். பதுமம் என்பது தாமரை. பிற்காலத்தில் கமலா, புட்பா, மல்லிகா என்னும் வடசொற் பெயர்கள் பெருகின. 1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தோற்றுவித்த தனித்தமிழ் இயக்கத்தின் விளைவாக, மலர்விழி, பூங்கொடி, அல்லி போன்ற பெயர்கள் புதுவாழ்வு பெற்றன.

பிற நாட்டாரும் இவ்வாறே பெயரிடுகின்றனர். பாரசீக மொழியிலிருந்து பரவிய யாசுமின் என்னும் பெயர் மல்லிகை இனத்து மலரைக் குறிக்கும். சப்பானியர் வழங்கும் அனா என்பது பூவையே குறிக்கும். இப்பெயர்கள் மலரின் அழகையும் மென்மையையும் மணத்தையும் நினைவூட்டுகின்றன. பூவாத்தாள் என்னும் பெயரோ அவ்வளவில் அமையவில்லை. பூ, மாலையில் வாடிவிடும். ஆனால் செடியில் நிற்கும் பூ காயாகிக் கனியாகி விதை தருகின்றது. இளமையின் அழகும் தாய்மையின் பெருமையும் ஒரே பெயரில் ஒன்றி நிற்கின்றன. பிறந்த அன்றே ஒரு பெண்மகவைத் தாய் என்று அழைத்துச் சிறப்பிக்கும் பெயர் எளியதாகுமோ?

பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடுதல் நம் முன்னோர் மரபு. பெயரைத் தாங்குபவள் என்பதனாலேயே அவள் பெயர்த்தி எனப்பட்டாள்; அச்சொல்லே மருவிப் பேத்தி ஆயிற்று. மாமியாரின் பெயரைத் தன் வாயால் கூற மருமகள் தயங்குவாள். ஆதலின், அப்பெயரைத் தாங்கிய தன் மகளை ‘அம்மணி’ என்றும் ‘கண்ணு’ என்றும் அழைப்பாள். பெயர் வாயளவில் மறைந்திருப்பினும் மதிப்பு மறையாதிருந்தது.

புதிய பெயர்களை விரும்புவதில் தவறில்லை. இனி வரும் பேத்தியர் அனைவரும் பூவாத்தாள் என்றே பெயர் பெறவேண்டும் என்பதுமில்லை. எனினும், விடியுமுன் எழுந்து, வயலிலும் வீட்டிலும் உழைத்து, மக்களை வளர்த்து ஆளாக்கிய மூதாட்டியின் பெயரைச் சொல்ல நாணுதல் தகுமோ? பெயரின் பொருளை அறிந்தவர் நாணார். நும் பாட்டியின் பெயரை யாரேனும் கேட்பின், தலைநிமிர்ந்து தெளிவாகக் கூறுங்கள். அதன் பொருளையும் உடன் எடுத்துரையுங்கள்.