தொலைநிலைக் கணினி மேலாண்மையும் பழவேற்காட்டு மீனவர் ஊர்களும்

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தின் கணினி பழுதுபட்டால், அதனைச் செப்பனிடுபவர் வெளியூரிலிருந்து வரவேண்டியிருக்கும். அப்பயணத்தைத் தவிர்ப்பதே தொலைநிலை மேலாண்மை. இதில் மென்பொருள்வழி இயங்கும் வகை, இயங்குதளம் முடங்கினால் தானும் முடங்கும். இன்டெல் நிறுவனம் 2006இல் வீபுரோ என்னும் பெயரில் அறிமுகப்படுத்திய வகையோ வன்பொருளிலேயே தனித்து இயங்குவது. அணைத்துவைத்த கணினியையும் தொலைவிலிருந்து இயக்கி, இயங்குதளத்தை மீண்டும் நிறுவ இடந்தருவது. ஆனால் அணைத்துவைத்தல் வேறு, மின்சாரம் அறுதல் வேறு. காத்திருப்பு மின்சாரமும் வலையிணைப்பும் இல்லையெனில் இவ்வகையும் பயன்படாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கைபேசி இணைப்பும் பல இடங்களில் நின்றது. மீனவருக்குச் செய்தி மிகுதியும் தேவைப்படுவது அத்தகைய நாள்களில்தான்.

இச்சிக்கலுக்குப் புதுச்சேரியில் ஒரு முன்மாதிரி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய ஊரகத் தகவல் மையத் திட்டத்தில், வில்லியனூர் நடுவம் தொலைபேசிக் கம்பியோடு வானொலி அலைகளையும் பயன்படுத்தியது. சூரிய மின்சாரம் துணைநின்றது. வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கிவழிக் கடற்கரையை எட்டியது. எனவே பழவேற்காட்டில் இந்நுட்பத்தை நிறுவுவோர் மின்கலச் சேமிப்புக்கும் மாற்று இணைப்புக்கும் முதலில் நிதி ஒதுக்குவதே முறை. மேலாண்மைக் கடவுச்சொல்லின் ஒரு படி சங்கத்திடமும் இருத்தல் வேண்டும்.