குட்டிகள் இல்லாத காடு
விளிம்பில் வாழும் உயிர்கள் – 9

1990-இல் ஜமைக்காவின் ஹெல்ஷயர் குன்றுகளில் பன்றி வேட்டைக்குப் போன ஒருவரின் நாய் பெரிய பல்லி ஒன்றைப் பிடித்தது. அவர் அதை உயிரோடு கிங்ஸ்டன் நகரின் ஹோப் மிருகக்காட்சி சாலையில் ஒப்படைத்தார். அது ஜமைக்கா இகுவானா. 1940-களிலேயே அற்றுப்போய்விட்டதாகக் கணக்கு முடிக்கப்பட்ட இனம். உலகில் வேறெங்கும் அது கிடையாது.

பார்வைக்கு நம் உடும்பின் சாயல் உண்டு. முதுகில் மட்டும் முள்வரிசை. ஆண் இகுவானா வால் சேர்க்காமலே 40 செ.மீ.க்கு மேல் வளரும். இலை, பூ, பழம்தான் முக்கிய உணவு. தின்ற பழங்களின் விதைகளைக் காடெங்கும் பரப்புவதும் அதுவே.

செய்தி பரவியதும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டுக்குள் இறங்கினார்கள். தலைநகரின் பக்கத்திலேயே இருந்தாலும் ஹெல்ஷயர் எளிதில் நுழைய முடியாத இடம். கத்திபோல் கூர்ந்த சுண்ணாம்புப் பாறைகள், முட்செடிகள், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இத்தனை காலம் இந்த விலங்கைக் காப்பாற்றியது அந்தக் கடுமைதான். எஞ்சியிருந்தவை அதிகம் போனால் நூறு. அந்த எண்ணிக்கையைவிட என்னை உலுக்குவது இன்னொன்று: அவற்றில் பெரும்பாலானவை வயது முதிர்ந்தவை. இளசுகளைக் காண்பதே அரிதாக இருந்தது.

காரணம், நம் நாட்டிலிருந்து போன கீரி. கரும்புத் தோட்டங்களில் எலித் தொல்லை தாங்காமல், எஸ்பியூட் என்ற தோட்ட முதலாளி 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். சில ஆண்டுகளிலேயே அவை தீவு முழுக்கப் பெருகிவிட்டன. எலியோடு நிற்காமல் தரையில் வாழும் பறவை, பாம்பு, பல்லி எல்லாவற்றையும் தின்றன. வளர்ந்த இகுவானாவோடு கீரி மோதாது. முட்டையையும் குஞ்சையும் விடாது. ஆண்டுதோறும் பெண் இகுவானாக்கள் மண் தேடி அலைந்து, இடத்துக்காக ஒன்றோடொன்று சண்டையிட்டு, குழி தோண்டி முட்டையிட்டன, குஞ்சுகளும் பொரித்தன. அடுத்த தலைமுறை மட்டும் வரவேயில்லை. பெரியவை கண்ணில் படும் வரை இனம் பிழைத்திருப்பதாகத்தான் தோன்றும். நீண்ட ஆயுள் உள்ள விலங்குகளின் அழிவு இப்படித்தான் கண்ணை மறைக்கிறது.

பாறைக்காட்டில் குழி தோண்டத்தக்க மண் கிடைப்பதே அரிது. முட்டையிடும் இடங்களாக இரண்டே இரண்டு திட்டுகள்தான் தெரியவந்தன. அங்கே காத்திருந்து, மண்ணைப் பிளந்து வெளிவரும் குஞ்சுகளில் சிலவற்றை 1991 முதல் ஹோப் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். கீரியால் கொல்ல முடியாத பருமன் வர ஐந்தாறு ஆண்டுகள்கூட ஆகும். 1996-இல் வளர்ந்தவற்றைக் காட்டில் விடத் தொடங்கினார்கள். மனிதக் கையில் உணவு தின்று வளர்ந்தது காட்டில் பிழைக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. அப்படி விடப்பட்ட பெண்களே பிறகு அதே மண்திட்டுகளுக்கு முட்டையிட வந்தன! விடப்பட்டவற்றின் எண்ணிக்கை இன்று பல நூறு.

ஆனாலும் இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முட்டையிடும் இடங்களைச் சுற்றி ஆண்டு முழுவதும் கீரிப்பொறி வைக்க வேண்டும். கரிமூட்டத்துக்கு மரம் வெட்டுவோரிடமிருந்து காட்டைக் காக்க வேண்டும். அவர்களுக்கு வேறு பிழைப்பு காட்டாமல் அது நடக்காது. நிதி நின்றால் பொறிகள் நிற்கும்; மறுபடி குட்டிகள் இல்லாத காடு.

நிரந்தரத் தீர்வு கீரியே இல்லாத ஒரு நிலம். ஹெல்ஷயருக்கு அருகிலேயே கோட் தீவுகள் இருக்கின்றன. 1940-களில் இகுவானா கடைசியாக வாழ்ந்ததாக நம்பப்பட்ட இடமும் அதுதான். கீரி, பூனை, ஆடு மூன்றையும் அகற்றிவிட்டு அங்கே இகுவானாவைக் குடியேற்றலாம் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். 2013-இலோ, அதே தீவுகளில் சீன நிறுவனம் ஒன்று பெரிய சரக்குத் துறைமுகம் கட்டும் திட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்று 1999-லேயே அறிவிக்கப்பட்ட இடம் அது. சூழலியலாளர்களும் மக்களில் ஒரு பகுதியினரும் விடாமல் எதிர்த்தார்கள். 2016-இல் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அங்கே துறைமுகம் வராது என்று அறிவித்தார்.

தீவு தப்பியது, இனிமேல்தான் வேலை. கரைக்கு அருகில் இருப்பதால், ஒருமுறை சுத்தம் செய்தபின்னும் கீரி மறுபடி நுழையாமல் காவல் காக்க வேண்டும். சினையான ஒரு கீரி போதும், எல்லாம் பழையபடி ஆக. கடைசிக் கீரியும் போய்விட்டது என்று உறுதியாகும் முன் ஒரு இகுவானாவைக்கூட அங்கே விடக்கூடாது.

(அடுத்த வாரம்: கிறிஸ்துமஸ் தீவின் நீலவால் அரணை)