செம்மணி வினவும் வினா

கண்டி வீதி வழியே யாழ்ப்பாணம் வருவோர் நகரின் வாயிலிற் காண்பது செம்மணி வெளி. அதன் அயலில், அரியாலையிலே, சித்துப்பாத்தி இந்து மயானம் உளது. 2025 பெப்ரவரியில், அங்கே தகனமேடை அமைக்க அத்திவாரம் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன.

மயானத்தில் எலும்பு கிடைப்பதும் ஒரு வியப்போ எனக் கேட்கலாம். நியாயமான வினாவே. ஆயின் வளர்ந்தோரை எரிப்பதே நம்மவரின் பெருவழக்கு. புதைப்பினும் ஆழக் குழிதோண்டி, நேரே கிடத்தி, முறைசெய்தே புதைப்பர். நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்விலோ, ஆழமற்ற குழிகளில், ஒன்றன்மேல் ஒன்றாய், ஒழுங்கின்றிக் கிடந்தன எலும்புக்கூடுகள். அவ்வாண்டிலேயே அவற்றின் தொகை 200ஐக் கடந்தது.

செம்மணியின் பெயர் இவ்வாறு அடிபடுவது இது முதன்முறையன்று. பள்ளி மாணவி ஒருத்தியின் கொலைவழக்கில் மரணதண்டனை பெற்ற படைவீரன் ஒருவன், 300 முதல் 400 வரையான உடல்கள் இங்கே புதைக்கப்பட்டன என 1998இல் நீதிமன்றத்திற் கூறினான். 1999இல் அகழ்ந்தபோது கிடைத்தவை 15 உடல்களே. பின்னர் கால் நூற்றாண்டு காலம் அவ்வெளி மௌனமாயிருந்தது.

மீட்கப்பட்ட பொருள்கள், உறவினர் அடையாளங் காணும்பொருட்டு, 2025 ஓகஸ்ட் 5ஆம் நாள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. காலணிகள், வளையல்கள், பாற்போத்தல், பொம்மை. அவற்றோடு, சிறுபிள்ளை ஒன்றின் எலும்புக்கூட்டருகே கிடந்த நீலநிறப் புத்தகப்பை.

நான் நெடுங்காலம் ஆசிரியனாய் இருந்தவன். பள்ளி விட்டபின் வகுப்பறையில் ஒரு பை கிடந்தால், மறுநாட் காலை அதனை உயர்த்திக் காட்டி, "இது யாருடையது?" என்பேன். ஒரு சிறுகை உயரும். இந்தப் பைக்கு எந்தக் கை உயரும்?

இதனை மர்மம் என்கின்றனர். அச்சொல்லை என் மனம் ஏற்க மறுக்கின்றது. எவரும் அறியாததே மர்மம். குழி தானே தன்னைத் தோண்டிக்கொள்வதில்லை. தோண்டியவர் உளர், கண்டவரும் இருத்தல் கூடும். எலும்பின் மரபணுவை உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டு, இறந்தவரின் பெயரை அறிவியல் மீட்டுத்தரலாம். கொன்றவர் யார், எதற்காகக் கொன்றார் என்பதை அறிந்தோரே வாய்திறந்து சொல்லவேண்டும்.

அதுவரை, பிள்ளையைத் தொலைத்த தாய்மார், திவசம் கொடுப்பதா, இரவுச் சோற்றை எடுத்துவைப்பதா என்று அறியாமலே இருப்பர்.