உஷார்! பின்பலகையில் நீங்கள் மாற்றிய அந்தச் சின்ன ஃபிட்டிங்

விக்டோரியா தின நீண்ட வார இறுதி நெருங்கிவிட்டது. ஒன்டாரியோவில் ஏரிக்கரை வீடு வைத்திருப்பவர்களும், பழைய படகு ஒன்றை மலிவாக வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருப்பவர்களும் தார்ப்பாயை விலக்கிவிட்டு ஸ்பேனரும் கையுமாக இறங்கிவிட்ட நேரம் இது. உங்கள் படகு ஸ்டெர்ன்டிரைவ் வகையா? குளிர்காலத்தில் ஏதாவது ஒரு ஃபிட்டிங் உடைந்து, அதை நீங்களே மாற்றினீர்களா? அல்லது இந்த வாரம்தான் மாற்றப் போகிறீர்களா? அப்படியானால் படகை ஏரியில் இறக்குவதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

வெளியே தொங்கும் அவுட்போர்டு மோட்டாரில் ஒரு குழாய் உடைந்தால் பெரும்பாலும் மோட்டார் நின்றுபோகும், அவ்வளவுதான். ஸ்டெர்ன்டிரைவ் கதை வேறு. வோல்வோ பென்டா 1959-ல் ‘அக்வாமாட்டிக்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை. எஞ்சின் படகுக்கு உள்ளே இருக்கிறது. புரொப்பெல்லரைச் சுழற்றும் கால்பகுதி வெளியே தண்ணீரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பின்பலகையில் பெரிய ஓட்டை ஒன்றை வெட்டி, அதன் வழியாகத்தான் சுழல்தண்டும், கியர் கேபிளும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயும் போகின்றன. அந்த ஓட்டையின் கீழ்ப்பாதி நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஏரியை வெளியே நிறுத்தி வைத்திருப்பவை சில ரப்பர் துருத்திகளும், சில கிளாம்ப்களும், கட்டைவிரல் அளவு ஃபிட்டிங்குகளும்தான்.

தண்ணீர்க் குழாயின் ஃபிட்டிங் உடைந்து 25 மில்லிமீட்டர் துளை ஒன்று திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே உள்ள அந்தத் துளை வழியாக நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை டன். சிறிய படகுகளில் சாதாரணமாக இருக்கும் 500 கேலன் பில்ஜ் பம்ப், அட்டையில் போட்டிருக்கும் முழுத் திறனோடு ஓடினாலும் மணிக்கு 1,900 லிட்டர்தான் இறைக்கும். உண்மையில் அதுவும் இறைக்காது, ஏனென்றால் அந்த எண் தண்ணீரை மேலே தூக்காமல் அளந்தது. இரவில் படகைத் துறையில் கட்டிவிட்டுத் தூங்கப் போனவர் காலையில் பார்க்கப்போவது கட்டிய கயிறுகளை மட்டும்தான்.

உடைந்த ஃபிட்டிங்கைக் கண்டு நான் பயப்படவில்லை. உடைந்தது கண்ணுக்குத் தெரியும், அதோடு யாரும் படகை இறக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டு, கரையில் ஓட்டிப் பார்த்து, லீக் இல்லை என்று நம்பிவிடுகிறோமே, அதைத்தான் நினைத்துப் பதறுகிறேன்.

முதலில் மரையைப் பாருங்கள். வட அமெரிக்கக் குழாய் மரை என்பிடி. இணையத்தில் மலிவாக வந்து இறங்கும் ஃபிட்டிங்குகளில் பல பிஎஸ்பி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். ஆனால் ஒன்றின் மரைக்கோணம் 60 பாகை, மற்றதன் கோணம் 55 பாகை. அதனால் தவறான ஃபிட்டிங்கும் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். ‘நல்லாப் பிடிச்சிட்டுது’ என்று கை சொல்லும். டெஃப்லான் டேப்பைக் கூட நாலு சுற்றுச் சுற்றினால் மிச்ச இடைவெளியும் மறைந்துவிடும். எஞ்சின் ஒரு பருவம் அதிர்ந்தபின் அந்தப் பிடியில் என்ன மிஞ்சும்?

மரை சரியாகவே இருந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. என்பிடி கூம்பு மரை. இறுக்க இறுக்க அது ஆப்பு போல வேலை செய்து, சுற்றியிருக்கும் அலுமினிய வார்ப்பை விரிக்கும். ‘இன்னும் கால் சுற்று’ என்று நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் வார்ப்பில் மயிரிழை விரிசல் விழலாம். பத்து டாலர் ஃபிட்டிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பின்பலகையில் பொருத்தியிருக்கும் முழு அமைப்பையும் மாற்றுவதில் போய் நிற்கும். அதற்கு எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கிறது. அந்த அளவுக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்தது உலோகம். நண்பர் ஒருவர் தெற்கே கடலோரத்தில் ஓடிய பழைய படகை வாங்கி வந்திருந்தார். அதன் முந்தைய உரிமையாளர் போட்டிருந்த பிளம்பிங் கடைப் பித்தளை நிப்பிள் ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்பார்வைக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. கத்தி முனையால் சுரண்டியதும் மஞ்சள் போய் ரோஸ் நிறம் தெரிந்தது. இடுக்கியால் லேசாக நெருக்கினோம், மரைப்பகுதி பிஸ்கட்டாக நொறுங்கியது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். உப்புநீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறிவிட, செம்பு பஞ்சு மாதிரி ஓட்டைகளோடு மிஞ்சும். உருவம் அப்படியே இருக்கும், வலு இருக்காது. படகின் உலோக ஃபிட்டிங்குகளுக்கான 1994-ம் ஆண்டின் ஐஎஸ்ஓ 9093-1 தரமே, 5 ஆண்டு பழுதின்றி உழைத்தால் அரிப்பைத் தாங்கும் பொருள் என்று ஏற்றுக்கொண்டது. உங்கள் படகின் வயது என்ன?

‘ஏரி நல்லதண்ணீர்தானே, எனக்கென்ன’ என்று இருந்துவிடாதீர்கள். நல்லதண்ணீரிலும் அலுமினியத்தோடு வேறு உலோகம் நேரடியாக ஒட்டியிருந்தால் அரிபடப்போவது அலுமினியம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதியானது என்று நம்பி, சீலன்ட் பூசாமல் திருகிவிட்டால், அதைச் சுற்றி வெள்ளைத் தூள் கிளம்பும். அந்தத் தூள் உங்கள் டிரைவின் உடல். டிரைவுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே மாட்டும் உலோகத் துண்டுதான் அனோடு. ஏரிப் படகுக்கு மக்னீசிய அனோடு வேண்டும், உப்புநீருக்குத் துத்தநாகம், இரண்டிலும் ஓடுவதற்கு அலுமினிய அனோடு. கடலோரத்திலிருந்து வந்த படகில் இன்னும் துத்தநாகம்தான் தொங்குகிறதா என்று ஃபிட்டிங் மாற்றும் அன்றே குனிந்து பார்த்துவிடுங்கள்.

எரிபொருள் பக்கம் கை வைக்கிறவர்களுக்குத்தான் குரலை உயர்த்திச் சொல்கிறேன். காரில் பெட்ரோல் கசிந்தால் ஆவி கீழே இறங்கிக் காற்றில் கலைந்துவிடும். படகில் அது போக இடமில்லை. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமான அந்த ஆவி படகின் அடிப்பள்ளமான பில்ஜில் இறங்கித் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். எஞ்சினைக் கிளப்புமுன் 4 நிமிடம் ஆவியை வெளியேற்றும் புளோயரை ஓட்டச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருப்பது இதனால்தான். எரிபொருள் வடிகட்டியின் முழங்கை ஃபிட்டிங் உடைந்தால் அதே பாகத்தைத்தான் வாங்க வேண்டும். ஹோஸும் ஏ1 குறியிட்ட படகு ஹோஸாக இருக்கட்டும், அது இரண்டரை நிமிடம் தீயில் தாக்குப்பிடிக்கும் சோதனையைத் தாண்டியது. கார் பாகக் கடை ஹோஸ் வேண்டாம், கார் பாகக் கடை ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் வேண்டவே வேண்டாம். படகுக்கானவை உள்ளே எழும் பொறி வெளியே தெறிக்காதபடி செய்யப்பட்டவை. எரிபொருள் மரையில் டெஃப்லான் டேப்பும் கூடாது, அதன் நார் பிய்ந்து கார்புரேட்டருக்குள் போகும். உடைந்த துண்டு வரமறுக்கிறது என்று எஞ்சின் அறைக்குள் கேஸ் டார்ச்சைக் கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஐயா, வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள், துண்டு வரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டிரைவைத் தூக்கும் டிரிம் ஹோஸின் ஃபிட்டிங்கா? டிரைவ் மேலே தூக்கி நிற்கும்போது அதைத் தளர்த்தினால், 45 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பும் அலுமினியமும் ஒரே மூச்சில் கீழே விழும். விரல் எங்கே இருக்கிறது என்று அது பார்க்காது. முதலில் முழுதாக இறக்குங்கள், அல்லது கீழே திடமாக முட்டுக் கொடுங்கள்.

கியர் ஆயில் ஃபிட்டிங் உடைந்திருந்தால் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்க்க வேண்டும். பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்படியே விட்டு அடுத்த குளிர்காலம் வந்தால் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து உறையைப் பிளந்துவிடும்.

சரி, சரியான பாகத்தை, பாக எண் பார்த்து, படகுக் கடையில் வாங்கிப் பொருத்திவிட்டீர்கள். இனி சோதனை. முற்றத்தில் தோட்டக் குழாயை மாட்டி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது இதற்குப் போதாது. அது உள்ளே ஓடும் தண்ணீரைத்தான் சோதிக்கிறது. வெளியிலிருந்து ஏரி அழுத்தும்போது ஃபிட்டிங் தாங்குமா என்பதை அது காட்டாது.

படகுச் சரிவில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்குங்கள், ஆனால் முன்பக்க வார்ப்பட்டையைக் கழற்றாதீர்கள். பின்பலகை நனைந்து படகு மிதக்கத் தொடங்கியதும் எஞ்சின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, நீங்கள் தொட்ட ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் விரலை வைத்துப் பாருங்கள். பதினைந்து நிமிடம். உலர்ந்த காகிதத் துண்டை அடியில் விரித்தால் ஒரு சொட்டுக்கூடத் தப்பாது. பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். அதன்பின் புளோயரை ஓட்டி, எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் இன்னொரு முறை பாருங்கள். முதல் ஓட்டத்தில் கரையை விட்டுத் தூரம் போகாதீர்கள், குழந்தைகளை ஏற்றாதீர்கள். மே மாத ஏரித் தண்ணீரின் குளிரில் விழுந்தவருக்கு மூச்சை நிதானிக்கவே ஒரு நிமிடம் போகும். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம்தான். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடலில் மாட்டிக்கொள்ளுங்கள்.

போன வருடமே மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இன்று மாலையே எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள். ஃபிட்டிங்கில் ரோஸ் நிறமோ, சுற்றி வெள்ளைத் தூளோ, பச்சைக் கறையோ தெரிந்தால், அல்லது அது எந்தக் கடையில் வாங்கியது என்றே உங்களுக்கு நினைவில்லை என்றால், புதிய பாகம் வந்து சேரும்வரை படகு டிரெய்லரிலேயே நிற்கட்டும்.