பையனுக்கு ஊசி போட வைத்த தள்ளு

"பிரிட்டனில் பள்ளிப் பையன்களுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி போடுகிறார்களாமே, கருப்பையே இல்லாதவனுக்கு எதற்கு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கருப்பைவாய்ப் புற்றில் மட்டுமல்ல, தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகியவற்றில் வரும் புற்றுகளிலும் ஹெச்பிவி என்ற இந்த வைரஸுக்குப் பங்குண்டு என்பது பாதிப் பதில். மீதிப் பாதி வட்டிக் கணக்கில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்நாட்டுத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2017 ஜூலையில், பையன்களுக்குப் போடுவது கட்டுப்படியாகாது என்றது. அடுத்த ஜூலையில் போடலாம் என்றது. இடையில் வைரஸ் ஒன்றும் மாறிவிடவில்லை.

வரலாறு வேண்டுவோருக்கு: கருப்பைவாய்ப் புற்றில் இந்த வைரஸைக் கண்ட ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது. அதே ஆண்டு பிரிட்டன் மாணவிகளுக்கு ஊசி போடத் தொடங்கியது. முதலில் வாங்கிய ஊசியின் குறி, புற்றுக்குக் காரணமான 16, 18 வகைகள். 2012இல், மரு உண்டாக்கும் 6, 11 வகைகளையும் தடுக்கும் ஊசிக்கு மாறினார்கள். ஆளைக் கொல்லாத மருவுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்?

ஊசிக்கான பணத்தை அரசு மருத்துவத்துறை இன்றே எண்ணி வைக்கிறது. அதனால் மிச்சமாகும் புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவோ நாற்பது வருஷம் கழித்து வருவது. அதற்கு இன்று என்ன மதிப்பு போடுவது?

ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு இது தெரியும். இருபது பேர், மாதம் ஐயாயிரம், லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரக்காரர் எழுபதாயிரம் போதும் என்று தொடக்கத்திலேயே தள்ளி எடுப்பார். கடைசி வரை பொறுத்தவருக்கு லட்சம் முழுசாக வரும். பிரிட்டன் நிதித்துறையும் இப்படித்தான், நாளை வரும் பணத்தில் ஆண்டுக்கு 3.5 சதவீதம் தள்ளுகிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் சீட்டு எடுப்பவரின் மனசு அப்படியே தெரியும். காத்திருக்கப் பொறுமையில்லை என்பதற்கு 0.5. சீட்டு பிடிப்பவர் ஊரைவிட்டே ஓடிவிட்டால், அதாவது ஏதாவது பேரழிவு வந்து எல்லாம் குலைந்துவிட்டால் என்ற பயத்துக்கு 1. நாளைக்கு மகன் சம்பாதிப்பான், அப்போது இந்தப் பணம் பெரிதாகத் தெரியாது என்பதற்கு 2. (ஏலத்தன்று தரும் காபிக்கு மட்டும் நிதித்துறை சதவீதம் ஒதுக்கவில்லை.)

இதே தள்ளை நாற்பது ஆண்டுக்கும் போட்டால், அப்போது மிச்சமாகும் 100 பவுண்டு இன்றைக்கு 25தான். மருவோ 12 வயதில் போட்ட ஊசிக்கு 20 வயதிலேயே பலன் காட்டுகிறது. எட்டு ஆண்டில் 100 பவுண்டு 76 ஆகத்தான் தேய்கிறது. மருவில் மிச்சமாகும் ஒரு பவுண்டு, புற்றில் மிச்சமாகும் பவுண்டைப் போல மூன்று மடங்கு பெறும்!

பையன்கள் கணக்கு இதில்தான் அடிபட்டது. மாணவிகளுக்குப் போட்ட ஊசியே பையன்களுக்கும் ஓரளவு காவலாகிவிட்டதால் கூடுதல் லாபம் ஏற்கெனவே கொஞ்சம்; அதையும் தள்ளு தின்றுவிட்டது. ஆனால் உடல்நலத்துக்கு அந்த 2 பொருந்துமா? மகன் எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு வருஷ ஆயுள் மலிந்துவிடாது. அதைக் கழித்தால் 1.5. மேலே சொன்ன 25 பவுண்டு இப்போது 55.

2018இல் குழு இந்த 1.5ஐயும் வைத்துப் பார்த்தது; இருபாலரையும் ஒரே திட்டமாகச் சேர்த்தும் பார்த்தது. கணக்கு தேறியது. சேர்த்துப் பார்த்ததில் கொஞ்சம் சாமர்த்தியம் உண்டு. மாணவிகள் பக்கத்து லாபத்தில் பையன்கள் பக்கத்துச் செலவு கரைந்துவிடும். என்றாலும், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்குப் பெண்கள் போட்டுக்கொண்ட ஊசி காவலாகாது என்ற நியாயத்தை மறுக்க முடியாது. 2019 செப்டம்பரில் பையன்களுக்கும் தொடங்கினார்கள்.

அதனால் 'இத்தனை கோடி சுமை, இத்தனை கோடி மிச்சம்' என்று தலைப்பு வந்தால் நான் முதலில் தள்ளு எவ்வளவு என்று தேடுவேன். அது இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

பையன்களுக்கு ஊசி கட்டுப்படியாகுமா என்ற அந்த வாதத்தின் சூடே இப்போது தணிந்துவிட்டது. 2023 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் இரண்டு ஊசிக்குப் பதில் ஒன்றுதான். அதற்கான சான்றுகளில் ஒன்று இந்தியாவிலிருந்து போனது. 2009இல் இங்கே தொடங்கிய ஆய்வில் ஊசி போடுவதை 2010இல் அரசு நிறுத்தியதால், ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், முழுத் தவணையும் போட்டவர்களுக்குச் சமமாகவே அவர்களுக்கும் 16, 18 வகைகளிடமிருந்து பாதுகாப்பு இருந்தது. வாங்கும் ஊசி பாதியானால், 3.5 போட்டாலும் கணக்கு அவ்வளவாக முறைக்காது.