காஞ்சியை யார் படிக்கிறார்கள்?

நகரம் நடத்துவோர் – 6

சென்ற வாரம் நகராட்சி ஆணையரின் அதிகாரங்களைப் பார்த்தோம். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் என்ன படித்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த வாரம் வருவோம். பதிலைத் தேட நான் எடுத்துக்கொள்ளும் ஊர் காஞ்சிபுரம்.

இந்தியாவில் பொது நிர்வாகத்துக்கென்று முதலில் ஒரு பட்டயப் படிப்பைத் தொடங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். ஆண்டு 1937. சுதந்திரத்துக்குப் பிறகு நாக்பூர் பல்கலைக்கழகம் இதற்குத் தனித்துறை கண்டது. 1954-ல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் வந்தது. 1987-ல் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் பொது நிர்வாகம் விருப்பப் பாடமானபோது, இந்தப் படிப்பின் தலையெழுத்தே மாறியது. அஞ்சல் வழியிலும் நேரிலும் எம்.ஏ. சேர்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தேர்வுக்கான துணைப் படிப்பு. உட்ரோ வில்சன் 1887-ல் எழுதிய கட்டுரை, மாக்ஸ் வெபரின் அதிகாரவர்க்கக் கோட்பாடு, டெய்லரின் அறிவியல் மேலாண்மை என்று வரிசையாக மனப்பாடம் ஆகும். படிக்க வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு படித்து முடித்த ஒருவரை ஒரு நகராட்சி அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், சொத்துவரிப் பதிவேட்டை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

இந்தப் பாடநூல்களில் காஞ்சிபுரம் வட்டாரம் தலைகாட்டுகிற இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட, ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் கல்வெட்டுகள். 30 குடும்புகள், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், 35 வயதுக்கு மேல் 70-க்குள் என்ற வரம்பு. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிட முடியாது என்ற விதியை நான் எப்போது படித்தாலும் நிமிர்ந்து உட்காருவேன். அதே கல்வெட்டு நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் இருப்பவருக்கே இடம் தருகிறது. உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இரண்டையும் சேர்த்தே வகுப்பில் சொல்ல வேண்டும்.

ஆயிரம் ஆண்டு தாண்டி வந்தால், காஞ்சியை உண்மையிலேயே ஒரு மாணவனைப்போலப் படித்தவர் ஒருவர் கிடைக்கிறார். பேட்ரிக் கெடிஸ், ஸ்காட்லாந்துக்காரர். உயிரியல் படித்து நகரத் திட்டமிடலுக்கு வந்தவர். சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-ல் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சியின் வரைபடங்களை ஏற்றிவந்த ‘கிளான் கிராண்ட்’ கப்பலை, சென்னையில் குண்டுபோட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கடலில் மூழ்கடித்தது. மனிதர் தளரவில்லை. புதிதாகப் படங்களைச் சேர்த்து 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மாளிகையில் கண்காட்சியை நடத்தினார். மாகாணத்து ஊர்கள் பலவற்றை நடந்தே பார்த்து அறிக்கை எழுதினார். அவற்றில் காஞ்சிபுரமும் ஒன்று.

கோயில்களின் அழகைப் புகழ்ந்தவர்கள் அவருக்கு முன்பும் நிறைய உண்டு. கெடிஸ் மகிழ்ந்துபோனது ஊரின் அமைப்பைக் கண்டு. கோயிலும் தேர் ஓடும் அகன்ற வீதிகளும் குளங்களும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் விதத்தில் முழுமையான ஒரு நகரத் திட்டம் இருப்பதை அவர் கண்டார். நாற்றமடிக்கிறது என்று குளத்தைத் தூர்ப்பதும், நெருக்கடி என்று தெருவை இடித்து நேராக்குவதும் அன்றைய பொறியாளர்களின் வழக்கம். கெடிஸ் இதற்கு நேர் எதிர். முதலில் ஊரைத் தெருத்தெருவாக ஆராய வேண்டும், நோய் இருக்கும் இடத்தில் மட்டும் கத்தி வைக்க வேண்டும் என்பது அவருடைய முறை. 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைச் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராக அமர்த்தியது. நகரத்தைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வந்த இந்த முன்னோடி, அதற்குள் நம் காஞ்சித் தெருக்களில் நடந்து முடித்திருந்தார்.

அவருடைய முறையில் இன்று ஒரு மாணவி பிள்ளையார்பாளையத்துக்குப் போகட்டும். அங்கே வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. முன்கூடத்தில் குழித்தறி. நெசவாளர் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்கிறார். காலையில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துக் காயவைக்கத் தெரு வேண்டும். வரைபடத்தில் ‘குடியிருப்பு’, ‘சாலை’ என்று இரண்டு வண்ணத்தில் தீட்டப்படும் இடங்கள் நெசவாளருக்கு ஒரே பட்டறை.

சாலை போடுவதையே எடுத்துக்கொள்வோம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைப் போட்டால் தெரு விரற்கடை விரற்கடையாக உயரும். வாசல் தாழும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் போய் நிற்பது தறிக்குழியில். ஈரம் காயும்வரை தறி ஓடாது. ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. ஒப்பந்தப் புள்ளியில் ‘பழைய மேற்பரப்பை அகற்றுதல்’ என்ற ஒரு வரி இருக்கிறதா, இருந்தால் அது நடந்ததா, அளவுப் புத்தகத்தில் யார் கையெழுத்திட்டார் என்பதே இங்கே கேள்வி. பொறியியல் படித்தவருக்குச் சாலையின் கனம் தெரியும். கைத்தறித் துறைக்குக் கூலி தெரியும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறவரை உருவாக்குவதற்குத்தான் நகரக் கொள்கை என்ற படிப்பே இருக்கிறது.

அப்படிப் பார்க்கப் பழக்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் திட்டமிடலுக்கு முதுநிலைப் படிப்பு உண்டு. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் நகரக் கொள்கை, ஆளுகையில் எம்.ஏ. நடத்தியிருக்கிறது. தேவையோ மலைபோல் இருக்கிறது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் சுமார் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே கிடையாது. மாநிலங்களில் 12,000-க்கும் மேல் நகரத் திட்டமிடுநர் பணியிடங்கள் தேவை. ஒப்பளிக்கப்பட்டவை 4,000-கூட இல்லை, அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலி. வேலை இல்லையென்றால் எந்தப் பெற்றோர் பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்புவார்கள்? பாடத்திட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் அரசு செய்ய வேண்டியது, பணியிடங்களை உருவாக்கி நிரப்புவது.

இனி, அப்படிப் படித்துவைக்க வேண்டிய ஒரு நிகழ்வு: அத்தி வரதர்.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரும் பெருமாளைத் தரிசிக்க வந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி காஞ்சிபுரம் நகராட்சியின் மக்கள்தொகை 1,64,384. சராசரி போட்டுப் பாருங்கள்: ஊரின் மொத்தச் சனத்தையும்விடக் கூடுதலான கூட்டம் ஒவ்வொரு நாளும் சின்ன காஞ்சிபுரத்துக்குள் வந்து, குடிநீரும் கழிப்பறையும் நிழலும் தேடியிருக்கிறது. ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள், அங்கிருந்து சிற்றுந்துகள், மருத்துவ முகாம்கள் என்று நிர்வாகம் இரவு பகலாக உழைத்தது. ஜூலை 18 அன்று நெரிசலில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த உயிர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன், நடந்ததை மணி வாரியாக எழுதிவைப்பது. எந்த வரிசை எங்கே முட்டியது, நின்றவர்களுக்கு வெளியேற வழி இருந்ததா, துப்புரவுப் பணியாளர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எங்கே தூங்கினார்கள், அந்த 48 நாளில் குப்பை எங்கே போனது?

இதை எழுதிவைக்க வேண்டிய அலுவலகங்களே அடுத்தடுத்து உருமாறின. பாரம்பரிய நகரங்களுக்கான மத்திய அரசின் ‘ஹிருதய்’ திட்டத்தில் காஞ்சிபுரம் இருந்தது. விழாவுக்கு மூன்று மாதம் முன்பு, 2019 மார்ச்சில், திட்டம் முடிந்துபோனது. விழா முடிந்த பிறகு, அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்து செங்கல்பட்டு மாவட்டம் உருவானது. 2021-ல் நகராட்சி மாநகராட்சியானது. அதிகாரிகள் மாறுதலில் போவார்கள், அது அரசுப் பணியின் இயல்பு. கோப்புகள் பிரியும், அறை மாறும். 1979-ல் கூட்டத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று 2019-ல் தேடியவர்களுக்குப் பழைய செய்தித்தாளும் ஊர்ப் பெரியவர்களின் நினைவும் போதியிருக்குமா?

இடமாறுதல் இல்லாத நிறுவனம் ஒன்று உண்டென்றால் அது பல்கலைக்கழகத் துறை. சென்னையிலிருந்து காஞ்சி 75 கிலோமீட்டர்தான். ஒவ்வோர் ஆண்டும் முதுநிலை மாணவர்கள் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். ஒருவர் குடிநீரை எடுக்கட்டும், ஒருவர் போக்குவரத்தை, ஒருவர் அந்த நான்கு மரணங்களை. 2019-ல் பணியிலிருந்த வருவாய் ஆய்வாளர்கள், காவலர்கள், ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுவருகிறார்கள். அவர்களிடம் இப்போதே உட்கார்ந்து கேட்க வேண்டும். மாநகராட்சியும் ஆட்சியர் அலுவலகமும் அறநிலையத் துறையும் கோப்புகளைத் திறந்து காட்டினால் மூன்று ஆண்டுகளில் முடிகிற வேலை.

அத்தி வரதர் அடுத்த முறை வெளியே வருவது 2059-ல். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 2003-ல் பிறந்த ஒருவருக்கு அப்போது வயது 56. தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 60. அந்தத் திட்டமிடல் கூட்டங்களில் மூத்த அதிகாரியாக உட்காரப்போகிறவர் எம்.ஏ. வகுப்புக்கு வந்துவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவர்.

(தொடரும்)