டிகிரி ஓ.கே... கண்டுபிடிப்பு?

ஷூ வாங்கும்போது ஒரிஜினல் தோலா, ரெக்சினான்னு தடவிப் பார்க்கிறது ஆம்பூர் ஏரியா பசங்களுக்குக் கைவந்த கலை. விஞ்ஞானிகளையும் அப்படிச் செக் பண்ணலாமா பாஸ்?

'இ-மெயிலைக் கண்டுபிடிச்சது நான்தான்' என்கிறார் மும்பையில் பிறந்த தமிழர் சிவா அய்யாதுரை. ஆள் டுபாக்கூரோ? டிகிரியில் இல்லவே இல்லை! அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நாலு பட்டம். 2007-ல் உயிரியல் பொறியியலில் பிஎச்.டி. எம்.ஐ.டி. நூலக இணையதளத்தில் ஆய்வேடுகளைத் தேடிப் பார்க்கலாம்.

சரி, இ-மெயில்? 1978-ல், 14 வயசுப் பையனாக, நியூஜெர்சி மருத்துவக் கல்லூரிக்காக 'இமெயில்' என்ற புரோகிராம் எழுதியது நிஜம். 1982-ல் பதிப்புரிமை வாங்கியதும் நிஜம். ஆனால், பதிப்புரிமை என்பது எழுதிய புரோகிராமுக்குத்தான். 'முதல் ஆள்' என்பதற்குச் சான்று அல்ல. 1971-லேயே ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மெயில் தட்டிவிட்டார்!

நம்ம 'மூலிகை பெட்ரோல்' ராமர் பிள்ளை கதை இதற்குத் தலைகீழ். 1996-ல் நாடே பேசியபோது கையில் பட்டம் கிடையாது. ஆனால் அவர் மாட்டியது பட்டம் இல்லாததால் அல்ல. பெட்ரோலில் கலந்திருந்த சமாச்சாரத்தால். 2016-ல் சென்னை நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

ஆக ஃப்ரெண்ட்ஸ்... பட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் கேளுங்க. கண்டுபிடிப்பை லேபிலும் வரலாற்றிலும் தேடுங்க. ஒன்றுக்கு வாங்கின ரசீது இன்னொன்றுக்குச் செல்லாது!